மலை இறங்கும் கியர்

“யாரும் பிடிக்காம தானா நிக்கிற கியர் வேணும் உஸ்தாத். அப்படி ஒண்ணு செய்ய முடியுமா?” என்று கேட்டார் சவரிநாதன்.

உஸ்தாத் கமால் ஒரு ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“இதுவரைக்கும் யார் பிடிச்சாங்க?”

அது அவருக்குத் தெரியாததல்ல. கோத்தகிரியில் அது தெரியாதவர்களே கிடையாது. இருந்தும் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

“அமலி,” என்றார் சவரிநாதன்.

அமலி என்றால் அமலோற்பவம், அவருடைய மனைவி.

சவரிநாதனுக்குக் கோத்தகிரி பஜாரில் பேக்கரி. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டுக்குப் பேர்போன கடை. தகர டின்களில் வர்க்கியை அடைத்து, காரின் பின்சீட்டில் அடுக்கி, வாரா வாரம் மலை இறங்கி மேட்டுப்பாளையத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார்.

கார் அவருடைய அப்பா வாங்கியது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. காரின் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கியரில்தான் கோளாறு.

மலை இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரில் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கும் வேலை குறையும். இந்தக் காரில் இரண்டாவது கியர் நிற்காது. ஒரு குலுக்கல் போதும், லீவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்புறம் வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடும்.

அந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பவே சவரிநாதனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் லீவரை அமலோற்பவம் பிடித்துக்கொள்வாள். இடது சீட்டில் உட்கார்ந்து, வலது கையால், லீவரைப் பின்னால் இழுத்து இறுக்கிப் பிடித்தபடி. மலை முழுக்க.

முதல் தடவை தற்செயலாகத்தான் பிடித்தாள். அப்புறம் அது அவளுடைய வேலை ஆகிவிட்டது. கல்யாண வீடு, துக்க வீடு, காய்ச்சல், தலைவலி, எதுவாக இருந்தாலும் வர்க்கி இறங்குகிற அன்று அவள் வண்டியில் இருந்தாக வேண்டும். வருஷங்கள் ஓடின. கியரைச் சரிசெய்ய வேண்டும் என்று சவரிநாதனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நின்றுகொண்டுதானே இருந்தது.

போன மாதம் ஒருநாள் அது நிற்கவில்லை.

வளைவு ஒன்றில் திடீரென்று வண்டி வேகம் பிடித்தது. சவரிநாதன் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். கார் இடதுபக்கத் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போய், ஒரு மைல்கல்லில் முட்டி நின்றது. இடது கதவு உள்ளே அமுங்கியது. வர்க்கி டின்கள் கவிழ்ந்தன. இரண்டு பேருக்கும் பெரிதாக அடியில்லை.

பின்னால் வந்த பஸ் நின்றது. ஜனம் இறங்கி வந்தது. பாதிப்பேர் தெரிந்தவர்கள். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று விசாரித்தார்கள்.

“இவ விட்டுட்டா,” என்றார் சவரிநாதன்.

அமலோற்பவம் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுடைய வலது கை இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோலவே மடங்கியிருந்தது.

அதே பஸ்ஸில் இருவரும் மேட்டுப்பாளையம் இறங்கினார்கள். திரும்பி மேலே போகிற பஸ் வந்தபோது அவள் ஏறவில்லை. காரமடையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் வரவில்லை.

ஊரில் எல்லோரும் அவர் சொன்னதையே சொன்னார்கள். பாவம், கை தவறி விட்டுட்டா.

கதையை உஸ்தாத் குறுக்கிடாமல் கேட்டார்.

கமாலுக்கு வயது நாற்பதுக்குள்தான். சவரிநாதனைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் தொழிலில் ஆசான் என்பதால் ஊர் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை என்றால் வண்டிக்காரரையே உட்காரவைத்துச் செய்யச் சொல்வார். வண்டி உங்களோடது, ஸ்பேனரும் உங்க கையிலேயே இருக்கட்டும் என்பார். அது பிடிக்காதவர்கள் வேறு மெக்கானிக்கிடம் போவார்கள். பிடித்தவர்கள் தாங்களே பாதி மெக்கானிக்காகித் திரும்புவார்கள்.

“சாவியைக் குடுங்க அண்ணா,” என்றார் உஸ்தாத்.

வாங்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சவரிநாதன் வெளியே நின்றார். உஸ்தாத் இடது சீட்டைக் கையால் ஒருமுறை தட்டினார்.

அமுங்கிய கதவு திறக்கவில்லை. உஸ்தாத் இறங்கி வழிவிட்டார். டிரைவர் பக்கமாக ஏறி, லீவரைத் தாண்டி, உடம்பைக் குறுக்கி நெளிந்துதான் சவரிநாதனால் அந்த சீட்டுக்குப் போக முடிந்தது. அவருடைய சொந்தக் கார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

கார் ஊரைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. உஸ்தாத் இரண்டாவது கியரைப் போட்டார்.

“பிடிங்க.”

சவரிநாதன் பிடித்தார்.

இரண்டு மூன்று வளைவு வரைக்கும் சுலபமாகத்தான் இருந்தது. இது ஒன்றும் பெரிய வேலையில்லை என்று சொல்லவும் செய்தார். உஸ்தாத் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அப்புறம் லீவர் பேச ஆரம்பித்தது. என்ஜினின் நடுக்கம் முழுக்க உள்ளங்கையில் ஏறியது. அங்கிருந்து மணிக்கட்டுக்குப் போய், முழங்கைக்குப் போய், தோளில் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் லீவர் எலும்பில் இடித்தது. கையை மாற்றலாமா என்று பார்த்தார். இடது கையால் பிடிப்பதென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளத் தோன்றவில்லை.

எதிரே ஒரு லாரி வந்தது. உஸ்தாத் பிரேக்கை அழுத்தினார். சவரிநாதன் முன்னால் சரிந்தார். முட்டுக்கொடுக்க ஒரு கை போதவில்லை. நெற்றி டேஷ்போர்டில் லேசாக இடித்தது.

உஸ்தாத் திரும்பிப் பார்க்கவில்லை. சவரிநாதனும் அப்படியெல்லாம் திரும்பிப் பார்த்தவரில்லை.

ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு அவர் காலுக்கடியிலேயே இருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து அது இவ்வளவு பக்கத்தில் தெரியாது.

“கொஞ்சம் நிறுத்தலாமா உஸ்தாத்?”

“டின் இறக்கணுமில்ல அண்ணா. கடைக்காரங்க காத்திருப்பாங்க.”

பின்சீட்டில் டின் எதுவும் இல்லை. அது சவரிநாதன் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை. அதை உஸ்தாத்துக்கு யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை.

பாதி மலையில் என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது.

வண்டி மட்டும் ஓடியது. ஓடி, வேகமெடுத்தது. உஸ்தாத் தயாராகத்தான் இருந்தார். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினார்.

என்ஜினை அணைத்தார்.

“விட்டுட்டீங்களா அண்ணா?”

“இல்லையே. பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

உஸ்தாத் அவர் கையைப் பார்த்தார். சவரிநாதனும் பார்த்தார். விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுகியிருந்தன. லீவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இரண்டாவது கியரில், இம்மி நகராமல். கியர் மட்டும் அங்கே இல்லை.

“சத்தியமா விடல உஸ்தாத்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“நம்புறீங்கல்ல?”

உஸ்தாத் வண்டியை ஸ்டார்ட் செய்தார். திருப்பினார். மேலே ஏறத் தொடங்கினார்.

நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று சவரிநாதன் வழி நெடுகக் காத்திருந்தார். பேச்சை அந்தப் பக்கமாகவே இரண்டு மூன்று தடவை கொண்டுபோய்ப் பார்த்தார். ஒர்க்‌ஷாப் வந்து சேரும்வரை அந்த வார்த்தை வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு உஸ்தாத் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தார். வலிக்கிற கையாலேயே சவரிநாதன் லீவரின் தோல் உறையைக் கழற்றினார். போல்ட்டுகளைத் தளர்த்தினார். லீவரை மேலே உருவினார்.

லீவரின் அடிமுனை ஒரு குமிழ். குமிழ் உட்கார ஒரு பித்தளைக் கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் உள்ளே கியரைத் தள்ளுகிற தண்டைப் பிடித்திருக்கிறது என்று உஸ்தாத் காட்டினார்.

கிண்ணத்தில் பாதி இல்லை.

மீதிப் பாதியைச் சவரிநாதன் கீழே படிந்திருந்த பழைய கிரீஸுக்குள் விரலைவிட்டுத் தேடி எடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. கிண்ணம் இப்படி உடைந்திருந்தால் மேலே லீவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கீழே கியர் தன்பாட்டுக்கு நழுவிவிடும். பிடிப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அவர் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கே உடைஞ்சிருக்குமா?”

“அன்னிக்கு வண்டியில நான் இல்லையே அண்ணா,” என்றார் உஸ்தாத். “அக்காதான் இருந்தாங்க.”

அந்தக் காருக்குப் புதுக் கிண்ணம் எங்கேயும் கிடைக்காது. கடைந்துதான் எடுக்க வேண்டும். லேத்தில் பித்தளைத் துண்டை மாட்டி, எப்படி உளியைக் கொடுக்க வேண்டும் என்று உஸ்தாத் சொல்லிக்கொடுத்தார். சவரிநாதன் கடைந்த முதல் கிண்ணம் தொளதொளவென்று போயிற்று. அடுத்தது கோணல். அதற்கடுத்தது குமிழைக் கவ்விக்கொண்டது. அதற்கடியில் முன்னிருந்ததைவிடக் கடினமான ஸ்பிரிங் ஒன்றை வைத்தார்கள். இனி துள்ளாது என்றார் உஸ்தாத்.

லீவர் நீளமானது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும். அதைப் பாதியில் அறுத்துக் குட்டையாக்கினால் கை தூரம் போக வேண்டாம், கியர் சட்டென்று விழும் என்று உஸ்தாத் யோசனை சொன்னார். சவரிநாதன் சரி என்றார். அறுத்தார். உஸ்தாத் அதைச் சூடேற்றிச் சிவக்க வைத்தார்.

“எந்தப் பக்கமா வளைக்கட்டும் அண்ணா?”

“என் பக்கமா,” என்றார் சவரிநாதன்.

யோசிக்காமல்தான் சொன்னார். சொன்ன பிறகும் யோசிக்கவில்லை.

இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு மத்தியான வேலை. கதவையும் தட்டி நிமிர்த்திக்கொடுத்தார் உஸ்தாத்.

மறுநாள் சவரிநாதன் தனியாக மலை இறங்கினார். இரண்டாவது கியர் அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றது. எந்தப் பள்ளமும் அதை அசைக்கவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்று நினைத்தார். மேட்டுப்பாளையத்தில் நிற்காமல் நேராகக் காரமடைக்கு விட்டார்.

அமலோற்பவம் வாசலுக்கு வந்தாள். வாங்க என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வலது கை இன்னும் முழுக்க விரியவில்லை, இடது கையால் கொடுத்தாள்.

சவரிநாதன் சட்டைப்பையிலிருந்து உடைந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

“நீ விடல அமலி. இது உடைஞ்சிருந்துச்சு. நானே கழட்டிப் பார்த்தேன்.”

அவள் அதை வாங்கவில்லை.

“எனக்குத் தெரியுமே,” என்றாள். “பிடிச்சிருந்தது நான்தானே.”

“அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீங்க என்கிட்ட எதுவும் கேட்கல. அவங்ககிட்ட சொன்னீங்க.”

அவர் துண்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். கியர் இப்போது எப்படி நிற்கிறது என்று சொல்லத் தொடங்கினார். கிண்ணம், ஸ்பிரிங், லேத், எல்லாவற்றையும் சொன்னார். தன் கையாலேயே செய்ததைச் சொன்னார். ஒரு ரவுண்டு வந்து பார் என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். இடது சீட்டில் உட்கார்ந்தாள். கார் நகர்ந்து, அவர் இரண்டாவது கியரைப் போட்டதும் அவளுடைய வலது கை தானாக நீண்டது.

அங்கே லீவர் இல்லை.

அது அவர் பக்கமாகச் சாய்ந்து, அவர் முழங்காலுக்கு அருகில் குட்டையாக நின்றது. அவள் கை வெறும் இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது. இன்னொரு கை அதன்மேல் வந்து மூடிக்கொண்டது.

தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

“நல்லா இருக்கு,” என்றாள் அமலோற்பவம். “இனிமே நீங்க தனியாவே போய்ட்டு வரலாம்.”

“உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“எதுக்கு?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. குரலில் சூடே இல்லை. பதில் தெரியாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் வைத்தபடி காத்திருந்தாள்.

சவரிநாதன் தேடிப் பார்த்தார். கடை என்று சொல்ல நினைத்தார். வீடு என்று சொல்ல நினைத்தார். சமையல், டின், பண்டிகை, ஊர் என்ன சொல்லும். எதை எடுத்தாலும் அதுவும் ஒரு பிடித்துக்கொள்கிற வேலையாகவே இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இறங்கி, கதவைப் பதமாகச் சாத்தினாள். நிமிர்த்திய கதவு என்பதால் மெதுவாகச் சாத்தினாள் போலிருக்கிறது. உள்ளே போய்விட்டாள்.

சவரிநாதன் மலை ஏறினார். ஒர்க்‌ஷாப்பில் உஸ்தாத் டீ குடித்துக்கொண்டிருந்தார். காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிப் போய் முன்னால் நின்றார்.

“கியர் சரியாயிடுச்சு,” என்றார். “அவ வரல.”

உஸ்தாத் டீயைக் கீழே வைத்தார்.

சவரிநாதனுக்கு ஆத்திரம் யார்மேலாவது போய் விழ வேண்டியிருந்தது. எத்தனை வருஷமாக இந்தக் காருக்கு நீங்கள்தானே ஆயில் மாற்றுகிறீர்கள், பிரேக் பார்க்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். அவள் லீவரைப் பிடித்துக்கொண்டு வருவதும் போவதும் உங்களுக்குத் தெரியாதா என்றார். ஒரு மத்தியான வேலைதானே என்றார்.

“அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே உஸ்தாத்.”

“சொன்னேன் அண்ணா.”

“எப்ப? என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“ஒருதடவை ஆயில் மாத்த நீங்க வண்டியை இங்க விட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தீங்க. அக்கா உள்ளயே உட்கார்ந்து கையை உதறிக்கிட்டிருந்தாங்க. ஒரு மத்தியானத்துல சரி பண்ணிடலாம், அண்ணன்கிட்ட நான் பேசட்டுமான்னு கேட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

உஸ்தாத் டீயை மறுபடியும் கையில் எடுத்தார். சவரிநாதன் விடவில்லை. மறுபடியும் கேட்டார்.

“‘வேண்டாம் தம்பி, அது அப்படியே இருக்கட்டும். மலை இறங்குறப்ப மட்டும்தான் அவருக்கு நான் பக்கத்துல இருக்கிறது தெரியுது’ன்னாங்க.”